முத்தும் தங்கமும்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

ஐதராபாத்தில் கடல் இல்லை. ஆனாலும் அதற்கு "முத்து நகரம்" என்று பெயர்! தூத்துக்குடிக்கு ஓடும் ரெயிலுக்கே "முத்துநகர் எக்ஸ்பிரஸ்" என்று பெயர் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.

சென்னையில் இருந்து சார்மினார் எக்ஸ்பிரசில் வந்து இறங்கும் உறவினர்கள் முதலில் கேட்பது, "முத்து எங்கே வாங்கலாம்?" என்பதுதான். மாரேட்பள்ளியிலும் லாலாகுடாவிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் அவர்களைப் பத்தர்கட்டிக்கு அழைத்துச் செல்கின்றன. அங்கே கடைக்காரர் சொல்லும் பெயர்கள் பல. அவற்றின் பொருள் தெரியாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்களும் பலர்.

பஸ்ரா முத்து

நிஜாம்கள் காலத்தில் பாரசீக வளைகுடாவில் இருந்து முத்துக்கள் இங்கே வந்தன. அவையே பஸ்ரா முத்துக்கள். மனித முயற்சி இல்லாமல், சிப்பிக்குள் தானாக விளைந்தவை. நிஜாம் குடும்பத்தின் 173 நகைகளை 1995-ம் ஆண்டில் மத்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவற்றில் பஸ்ரா முத்து நகைகளும் உண்டு. ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பில் இருக்கும் சரக்கு அது!

இன்று ஐதராபாத் கடைகளில் தொங்கும் சரங்களில் பெரும்பாலானவை சீனாவில் விளைந்த நன்னீர் வளர்ப்பு முத்துக்கள். இங்கே துளையிட்டு, பொறுக்கி, கோத்து விற்கிறார்கள். "ஐதராபாத் முத்து" என்பது விற்கும் ஊரைக் குறிக்குமே தவிர, விளைந்த ஊரைக் குறிக்காது.

வளர்ப்பு முத்து என்றால் போலி அல்ல. சிப்பியைத் திறந்து, உள்ளே ஒரு சிறு பொருளை வைத்து, மீண்டும் தண்ணீரில் விட்டு வளர்ப்பது அது. ஜப்பானில் மிகிமோட்டோ 1893-ல் இதில் வெற்றி கண்டார். நம் தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தினர் 1973-ல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள்.

"ஒரிஜினல்" என்றால் என்ன?

"ஒரிஜினல் முத்து, கியாரண்டி உண்டு" என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யாக இருக்காது. வளர்ப்பு முத்தும் முத்துதானே! ஆனால் கேட்பவர் மனதில் பஸ்ரா முத்து இருக்கிறது. விற்பவர் கையில் நன்னீர் வளர்ப்பு முத்து இருக்கிறது. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

"சவுத் சீ முத்து" என்பது ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் வளர்க்கப்படும் பெரிய முத்து. "சவுத் சீ ஷெல் முத்து" என்றால் சிப்பி ஓட்டை உருட்டி மேலே பளபளப்புப் பூச்சு கொடுத்தது. நடுவில் வரும் "ஷெல்" என்ற ஒரே சொல்லில் பொருளே மாறிவிடுகிறது! "மயோர்கா முத்து" என்பதும் கண்ணாடி மணிக்குப் பூச்சு கொடுத்துச் செய்வதுதான்.

முத்தைப் பல்லில் லேசாக உரசிப் பார்ப்பது பழைய வழக்கம். முத்து என்றால் நறநறக்கும். கண்ணாடி, பிளாஸ்டிக் என்றால் வழுக்கும். ஆனால் இந்தச் சோதனை போலியை மட்டுமே காட்டிக் கொடுக்கும். இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்று அறிய எக்ஸ்ரே சோதனை வேண்டும். எனவே பஸ்ரா முத்து என்று சொல்லிப் பெரும் விலை கேட்டால், ஆய்வுக்கூடச் சான்றிதழ் கேளுங்கள்.

கே.டி.எம். தரமா?

முத்துக்கு இப்படி என்றால் தங்கத்துக்கு வேறு பெயர்கள். "கே.டி.எம். தங்கம்" என்று இன்றும் பலர் பெருமையாகக் கேட்டு வாங்குகிறார்கள். அது தங்கத்தின் தரம் அல்ல. நகையின் துண்டுகளைப் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் என்ற உலோகத்தைக் கலப்பதால் வந்த பெயர். காட்மியப் புகை பத்தர்களின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. அந்தப் பெயரைத் தரம் என்று நினைத்து வாங்குவது எத்தனை விபரீதம்!

"24 காரட்" என்று பெரிய எழுத்திலும் "முலாம்" என்று சிறிய எழுத்திலும் அச்சிட்ட அட்டைகள் உண்டு. "ஒரு கிராம் தங்க நகை" என்பதும் செம்பு, பித்தளைக்கு முலாம் பூசியதுதான். அணிந்து மகிழலாம், அவசரத்துக்கு அடகு வைக்க முடியாது.

எடையில் கவனம்

முத்தும் கல்லும் பதித்த ஆரத்தில்தான் பெரிய நஷ்டம் வருகிறது. ஆரம் 40 கிராம்; அதில் முத்தும் கல்லும் 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தங்கம் 28 கிராம்தான். 40 கிராமுக்கும் தங்க விலை போட்டால், 12 கிராம் முத்தையும் கல்லையும் தங்க விலைக்கு வாங்குகிறீர்கள்! மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் இப்படிக் கரைந்தது, பல ஆண்டுகள் கழித்து வங்கியில் அடகு வைக்கும்போதுதான் தெரிய வரும். வங்கி, நிகரத் தங்கத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும்.

"சேதாரம் இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் செய்கூலி எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கையால் விட்டதை மறு கையால் வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு.

முத்திரை பாருங்கள்

2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. நகையில் பி.ஐ.எஸ். சின்னம், தரம், ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளம் மூன்றும் இருக்க வேண்டும். 916 என்றால் 22 காரட். 750 என்றால் 18 காரட். எச்.யு.ஐ.டி.யை "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. ஐதராபாத்தில் முத்து பதித்து விற்கும் நகைகளில் குந்தன், ஜடாவ் வேலைப்பாடு அதிகம் என்பது குறிப்பிடத்தக்கது.

ரசீதில் நிகரத் தங்க எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை இருக்க வேண்டும். முத்தின் எடையையும் விலையையும், "இயற்கை", "நன்னீர் வளர்ப்பு" என்ற வகையையும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் உறுதி சொல்பவர் எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

ஹால்மார்க் நகையில் தரம் குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தால், குறைந்த மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் நஷ்டஈடாகப் பெறலாம். ரசீது இல்லாவிட்டால் வாதாடுவது கடினம்.

தெலுங்கும் இந்தியும் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே முறையிடலாம்.