கல்வராயன் மலை

கல்வராயன் மலை என்பது தமிழ்நாட்டின் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஒரு மலைப்பகுதியாகும். இது பெரும்பாலும் கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. இதன் கிழக்குப் பகுதி, சமவெளியிலுள்ள பண்ருட்டி, நெய்வேலி ஆகிய ஊர்களைப் போலவே, 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்ந்தது. வெள்ளிமலை இப்பகுதியின் வட்டத் தலைமையிடம் ஆகும். சேலம் மாவட்டப் பகுதியில் கருமந்துறை முக்கிய ஊராகும்.

கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகள் இங்கு உற்பத்தியாகின்றன. இவற்றின் நீர் விருத்தாசலம் பகுதியைக் கடந்து வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. சாமை, தினை, மரவள்ளி ஆகியவை மலையில் பயிரிடப்படுகின்றன. கடுக்காய், புளி, தேன் ஆகியவை காட்டிலிருந்து கிடைக்கின்றன.

மக்கள்

சிற்றூர்கள் மலைச்சரிவுகளில் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறி அமைந்துள்ளன. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்குவது. மலையாள மொழிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களது மரபுவழிக் கதை.

பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகள் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களுக்கு மட்டும் இடம்பெற்றுள்ளனர். இதனால் கல்வராயன் மலையினருக்குக் கிடைக்கும் சாதிச் சான்றிதழ், பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இன்றைய ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே மக்களுக்குக் கிடைப்பதில்லை. மாவட்ட எல்லை ஒன்று இனத்தையே பிரித்துவிட்ட விந்தையான நிலை இது.

ஜாகீர்தார் ஆட்சியும் நிலவுரிமையும்

கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. உழுத நிலத்தின் மீது குடிகளுக்கு அரசு வழங்கிய பட்டா இல்லை. இனாம் நிலங்களை ஒழிக்கும் சட்டம் 1963ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட போதிலும், இம்மலையை அரசு தன் பொறுப்பில் ஏற்றது 1976ஆம் ஆண்டில்தான். அதாவது, நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 29 ஆண்டுகளுக்குப் பின்னர்!

ஜாகீர் முறை ஒழிந்தும் நிலச்சிக்கல் முற்றிலும் தீரவில்லை. தலைமுறைகளாக உழுதுவந்த நிலம் வனத்துறையின் ஆவணத்தில் காடாக இருந்தால், உழுபவர் ஆக்கிரமிப்பாளராகவே கருதப்பட்டார். பட்டா இல்லாத நிலத்தைக் காட்டி வங்கியில் கடன் பெறுவதும் கடினம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்குத் தீர்வாக வந்தது. 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே வன நிலத்தில் வாழ்ந்து பயிரிட்டுவரும் பழங்குடியினர் இதன்படி உரிமை கோரலாம். கிராம சபையே முதலில் கோரிக்கையை ஆராயும். ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை ஒன்றினால், தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரங்கள் வழங்கும் பணி 2008 முதல் 2016 வரை முடங்கியிருந்தது.

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனை அடுத்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்குப் பதிவு செய்து, அடிப்படை வசதிகள் பற்றி அரசிடம் விளக்கம் கோரியது.