கிரானைட் வேற... பிளாக் கிரானைட் வேற! - அண்ணாமலை மண் சொல்லும் கல் ரகசியம்

கிருத யுகத்தில் நெருப்பு மலை, திரேதா யுகத்தில் மாணிக்க மலை, துவாபர யுகத்தில் பொன் மலை, கலியுகத்தில் கல் மலை. திருவண்ணாமலையைப் பற்றி தல புராணம் சொல்வது இது. நெருப்பு கல்லானது என்பது பக்தர்களின் நம்பிக்கை. கிரானைட் போன்ற கற்களுக்குப் பள்ளிப் பாடப் புத்தகம் வைத்திருக்கும் பெயரும் 'தீப்பாறை'தான்!

பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. அப்படியானால், வாட்ஸ்அப்பில் சுற்றுவதுபோல அண்ணாமலை ஒரு பழைய எரிமலையா? இல்லை. எரிமலைக் குழம்பு தரைக்கு வந்து சட்டென ஆறினால், தக்காணத்தில் இருப்பதுபோல பசால்ட் கல் கிடைக்கும். இந்த வட்டாரத்தில் இருப்பது கிரானைட்டும், அதன் உறவுக்காரக் கல்லான சார்னோகைட்டும். இவை பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவானவை. மேலே இருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்துபோக, உள்ளே இருந்த கல் வெளியே தெரிகிறது. வட தமிழகத்தின் இந்தப் பழம்பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

கறுப்புக் கல் எங்கிருந்து வந்தது?

பழம்பாறைகள் இறுகிப் பல கோடி ஆண்டுகள் கழித்து, அவற்றில் நீளமான விரிசல்கள் விழுந்தன. அந்த விரிசல்களுக்குள் வேறொரு பாறைக்குழம்பு ஏறி, சுவர் எழுப்பியதுபோல இறுகியது. இதை நிலவியலாளர்கள் 'டைக்' என்கிறார்கள். திருவண்ணாமலை, தருமபுரி வட்டாரங்களில் இப்படிப்பட்ட கறுப்புக் கல் சுவர்கள் நிறைய. அந்தக் கல்லின் பெயர் டோலரைட்.

கடையில் 'பிளாக் கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் இந்த டோலரைட்டோ, இதன் சொந்தமான கேப்ரோவோதான். விழுப்புரம் பக்கத்து 'குன்னம் பிளாக்' இந்த வகையில் பெயர் பெற்றது. அறிவியல்படி பார்த்தால் இது கிரானைட்டே இல்லை!

என்ன வித்தியாசம்?

கிரானைட்டில் 70 சதவிகிதம் அளவுக்கு சிலிக்கா. கண்ணாடி மாதிரி மின்னும் குவார்ட்ஸ், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், கறுப்பு மைக்கா என்று தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். ஆழத்தில் மெதுவாக ஆறியதால் பரல்கள் பெரிதாக வளர்ந்தன.

டோலரைட்டில் சிலிக்கா 50 சதவிகிதம் அளவுக்குத்தான். இரும்பும் மெக்னீசியமும் அதிகம், அதனால்தான் கறுப்பு. விரிசலுக்குள் சீக்கிரமாக ஆறியதால் பரல்கள் பொடிப்பொடியாக நின்றுவிட்டன.

எடையிலும் வித்தியாசம் உண்டு. 20 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சதுர அடி கிரானைட் சுமார் 5 கிலோ. அதே அளவு டோலரைட் சுமார் ஐந்தரை கிலோ. 30 சதுர அடி சமையல் மேடை என்றால் 15 கிலோ வரை கூடும். மேடையைத் தாங்கும் சுவரைக் கட்டும்போது கொத்தனாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு எது நல்லது?

* புளி, எலுமிச்சை பட்டால் மார்பிள் மங்கிவிடும். இவை இரண்டும் அவ்வளவு சுலபத்தில் மங்காது.

* வெளிர் நிற கிரானைட் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சக்கூடும். சீலர் பூசுவது அவசியம். நெருக்கமான டோலரைட் அவ்வளவாக உறிஞ்சாது.

* கறுப்புக் கல்லில் மாவுத் தூளும், போர் தண்ணீரின் உப்புக் கறையும் பளிச்சென்று தெரியும். தினமும் துடைக்க நேரமில்லாத வீட்டுக்குப் புள்ளி போட்ட கிரானைட் நிம்மதி.

* வாசல், மொட்டை மாடிக்குக் கறுப்புக் கல் வேண்டாம். வெயிலை அதிகமாக வாங்கும். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவர்களுக்குச் சூடு பற்றிச் சொல்லவே வேண்டாம்!

சாயம் பூசிய கல்... உஷார்!

நல்ல கறுப்புக்கு விலை அதிகம் என்பதால், சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. வெள்ளைப் பஞ்சில் அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரை நனைத்துக் கல்லில் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் சாயம். வெட்டிய விளிம்பையும் பாருங்கள். உண்மையான கறுப்புக் கல் உள்ளேயும் கறுப்பாகத்தான் இருக்கும். பாலிஷ் போடாத பின்பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால், எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

உளியால் தட்டி, ஓசை கேட்டுக் கல்லைத் தேர்ந்தெடுப்பது சிற்பிகளின் மரபு. கல்லை நம்புவதற்கு முன் சோதித்தார்கள். அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்துக்குக் கீழே, அதன் பாரத்தைச் சுமந்து நிற்பதும் அப்படித் தேர்ந்தெடுத்த கல்தான்.

நாமும் சோதிக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் கடையில் ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்குங்கள். அதில் கொஞ்சம் மஞ்சள், எண்ணெய், எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் துடைத்தால் கறை போகிறதா? அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.