உளவியல் மாணவியும் ஆய்வேடும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ளது ஸ்ரீவராகம். வராகப் பெருமாள் கோயிலும் அதனைச் சார்ந்த பெரிய திருக்குளமும் அவ்விடத்தின் அடையாளங்கள். கோட்டை, கரமனை, வலியசாலை ஆகிய பகுதிகளைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வீட்டினுள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். இவ்வாறு மும்மொழிகளுக்கிடையே வளர்ந்த பெண்ணோ பிள்ளையோ உளவியல் பயின்று, நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும் என்று வந்து சொல்லும்பொழுது, வீட்டுப் பெரியவர்களுக்கு அஃது என்னவென்று எளிதில் விளங்குவதில்லை. பரீட்சைக்குப் படித்தால் பரீட்சையோடு முடிந்தது. இது எப்பொழுது முடியும் என்று கேட்கிறார்கள். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழர் இல்லங்களிலும் இதே கேள்வி எழுகின்றது. நியாயமான கேள்விதான்.

முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட அமைப்பின்படி, இளங்கலைப் படிப்பை நான்காண்டுகளாகப் பயிலலாம். முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள், விரும்பினால், நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிப் பிரிவைத் தேர்ந்து ஆய்வேடு ஒன்றை எழுதி, ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் பட்டம் பெறுவர். மொத்தம் 160 கிரெடிட்டுகளில் ஆய்வேட்டுக்கு உரியவை 12. டில்லிப் பல்கலைக்கழகத்தில் இந்நான்காண்டு முறை 2022-இலும், கேரளத்துப் பல்கலைக்கழகங்களில் 2024-இலும் தொடங்கியது. விதிகளின் நுணுக்கங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். அவற்றை அந்தந்த அலுவலகத்தில் கேட்டறிதலே நன்று.

உளவியல் என்னும் துறை நம் நாட்டுக் கல்லூரிகளில் தத்துவத்தின் மடியிலேதான் வளர்ந்தது. இதே திருவனந்தபுரத்தில், மகாராஜா கல்லூரியில், 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்ட சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராக இருந்தார். கல்வெட்டுகளை நேரிற் படித்துத் திருவிதாங்கூர் மன்னர்களின் காலத்தை ஆராய்ந்தவரும் அவரே. கேட்டதை நம்பாமல் கண்டதை எழுதும் அப்பழக்கமே ஆய்வேட்டின் உயிர். உளவியலுக்கெனத் தனித்துறை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் ஏற்பட்டது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924-இல் அத்துறையைத் தொடங்கியவர் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி. அவரை வானொலி நேயர்கள் மறத்தலாகாது. 1935-இல் மைசூரில் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு ‘ஆகாசவாணி’ என்ற பெயரை வழங்கியவர் இந்த உளவியற் பேராசிரியர்தாம். பின்னர் அகில இந்திய வானொலியும் அப்பெயரை ஏற்றது.

இனி ஆய்வேட்டுக்கு வருவோம். ஸ்ரீவராகத்தில் வசிக்கும் மாணவி ஒருத்தியைக் கற்பனையாக மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அவள் எடுத்துக்கொண்ட பொருள் முதியோரின் தனிமை. பிள்ளைகள் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, பெரியவர்கள் இங்கே வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் தெருக்கள் பல. பொருள் நல்லது, ஆனால் பெரிது. ‘முதுமையும் தனிமையும்’ என்று தலைப்பிட்டால் அது ஒரு வாழ்நாள் வேலை. ஓராண்டில், அதுவும் மற்றப் பாடங்களுக்கிடையே, தனியொருத்தி செய்யக்கூடியதாக அதனைச் சுருக்க வேண்டும். ‘இப்பகுதியில் வாழும் 60 வயது கடந்த தமிழர்களில், வெளியூரிலுள்ள மக்களோடு வாரத்தில் எத்தனை முறை பேசுகிறார்கள் என்பதற்கும் அவர்களது தனிமையுணர்வுக்கும் தொடர்பு உண்டா?’ இப்படிக் கேட்டால் விடை காண முடியும். ஆய்வேடுகள் முடியாமல் இழுபடுவதற்கு மாணவரின் சோம்பலைக் காரணம் காட்டுவோர் உண்டு. கேள்வி சுருங்காமையே பெரும்பாலும் காரணம் என்பது நம் கருத்து.

சிறிய கேள்வியால் என்ன பயன் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. அதன்பின் மக்களிடையே பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் இந்திய உளவியலாளர் திரட்டி ஆராய்ந்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதத்தைக் காணாத இடங்களில், இதனினும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியிருந்தன. பின்னர் டார்ஜிலிங் பகுதியில் நிலச்சரிவு நேர்ந்தபொழுது துர்கானந்த சின்ஹா அதே வினாவைக் கேட்டுப் பார்த்தார். அழிவைக் கண்ணால் கண்ட அம்மக்களிடையே அத்தகைய வதந்திகள் எழவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர், காரணம் புலப்படாத அச்சத்துக்கு மனம் தானே ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது என்று கருதினார். 1957-இல் அவர் வெளியிட்ட மன முரண்பாட்டுக் கொள்கைக்கு இதுவும் ஒரு வித்தாயிற்று. மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்ற எளிய கேள்வி அத்தனை தூரம் சென்றது.

கேள்வி அமைந்தபின் அளவுகோல் வேண்டும். தனிமையுணர்வை அளப்பதற்கு உலகெங்கும் வழங்கும் ஒன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் டேனியல் ரஸ்ஸலும் அவருடைய தோழர்களும் 1978-இல் இயற்றியது. இருபது கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஆகவே மொத்த மதிப்பெண் 20-க்கும் 80-க்கும் இடையில் நிற்கும். பின்வந்த திருத்தப் பதிப்புகளில் சில கூற்றுகள் நேராகவும் சில எதிராகவும் அமைந்துள்ளன. எதிரானவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிக் கணக்கிட மறந்துவிட்டால் கணக்கு முழுவதும் குழம்பும்.

இந்த அளவுகோல் ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் சற்று நின்று பேச வேண்டிய இடம் இதுவே. மாணவிக்கு எளிதில் கிடைக்கக்கூடியது மலையாள வடிவம். திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு மலையாளம் தெரியுந்தானே என்று அதனையே கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் உணர்ச்சியைச் சொல்லும் சொற்களில்தான் இவ்விரு மொழிகளும் உடன்பிறந்தோர் போல் தோன்றி ஏமாற்றுகின்றன. மலையாளத்தில் ‘விஷமம்’ என்றால் மனத்துயர். தமிழில் அது குறும்பு. மலையாளத்தில் ‘சங்கடம்’ துக்கம். தமிழில் இக்கட்டு, தர்மசங்கடம் என்ற அளவே. அங்கே ‘அவசரம்’ வாய்ப்பு, இங்கே பரபரப்பு. தனிமை என்ற பொருளில் மலையாளி ‘ஏகாந்தத’ என்பார். தமிழ்ப் பெரியவருக்கோ ஏகாந்தம் என்பது தேடிப் பெறும் அமைதி. ‘உங்களுக்கு விஷமம் உண்டா?’ என்று கேட்டால், அண்மையில் திருநெல்வேலியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த பாட்டி, “இந்த வயதில் எனக்கென்னம்மா விஷமம்? அதெல்லாம் பேரனுக்கு” என்று சிரிப்பாள். அவள் மனத்திலிருந்த துயரம் தாளில் ஏறாமலே போய்விடும். பல தலைமுறைகளாக இங்கிருப்பவர்கள் அப்படித் தடுமாறமாட்டார்கள் என்பது உண்மையே. எனினும் இருவகையினரும் ஒரே மாதிரியில் கலந்திருந்தால், அளவுகோல் தனிமையை அளக்கிறதா, மலையாளப் பழக்கத்தை அளக்கிறதா என்று சொல்ல இயலாது.

இதற்கு அறிஞர் கண்ட வழி ஒன்று உண்டு. ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க வேண்டும். ஆங்கில மூலத்தைக் காணாத மற்றொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு ஆங்கிலங்களையும் ஒப்பிட்டுப் பிழை காண வேண்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் என்பவர் 1970-இல் இம்முறையை விரித்தெழுதினார். நம் அனுபவத்தில் இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. இருவரும் படித்தவர்களாதலால், ‘சமூகத் தொடர்பின்மை’ என்று ஒருவர் எழுதினால் மற்றவர் அதனைப் பிசகின்றித் திருப்பிவிடுவார். தாள் குற்றமற்றதாகத் தோன்றும். பாட்டிக்குத்தான் ஒன்றும் விளங்காது. ஆகவே ஐந்தாறு முதியவர்களிடம் முதலில் வாசித்துக் காட்டி, “இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டு, அவர்கள் வாயில் வரும் சொல்லைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது.

வாசித்துக் காட்டுதல் என்றோம். அதற்கும் காரணம் உண்டு. தமிழ் பேசும் முதியவர்களிற் பலர் மலையாளப் பள்ளியிற் படித்தவர்கள். நாவில் தமிழ் இருக்க, கண்ணுக்குப் பழகியது மலையாள எழுத்து. அச்சிட்ட தமிழ்த் தாளை நீட்டினால் பேரனிடம் தருவார்கள். பேரன் வாசிக்க, மருமகள் அருகில் நிற்க, “எனக்கு யாருமில்லை போலத் தோன்றுகிறது” என்ற கூற்றுக்கு எந்தத் தாயாவது ‘அடிக்கடி’ என்று சொல்வாளா? தனியிடத்தில், மாணவியே வாசித்து, விடையை மாணவியே குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் இன்ன ஆய்வு, இன்ன பயன், விருப்பமில்லையேல் எந்நேரமும் நிறுத்தலாம், பெயர் வெளிவராது என்று அவர்கள் மொழியிலேயே சொல்லி ஒப்புதல் பெறவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இத்தகைய அறிந்தளிக்கும் ஒப்புதலை வற்புறுத்துகின்றன. கல்லூரியின் அறநெறிக் குழுவினது இசைவு வரும் வரை ஒரு வினாவும் கேட்டலாகாது. இசைவுக்கு வாரங்கள் பல ஆகலாம் என்பதால் விண்ணப்பம் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்றும் நேரலாம். இருபது கூற்றுகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்பொழுதே ஒரு முதியவர் அழத் தொடங்கலாம். வாழ்வதில் பொருளில்லை என்று சொல்லலாம். மாணவி மருத்துவர் அல்லள். வினாக்களை நிறுத்திவிட்டு அருகமர்ந்து கேட்பதும், வழிகாட்டிப் பேராசிரியருக்கு அன்றே அறிவிப்பதும், உரிய உதவியைச் சுட்டுவதும் அவள் கடன். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவித் தொலைபேசி எண் 14416. தமிழிலும் அதில் பேசலாம். இவ்வெண்ணை ஒப்புதல் தாளிலேயே எழுதிக் கொடுத்தல் நலம்.

எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? இதில் வீட்டாரின் அவசரம் மிகுதி. இருபது பேர் போதாதா என்பார்கள். நடுத்தரமான தொடர்பு, அதாவது 0.3 அளவுள்ள ஒட்டுறவு, உண்மையில் இருந்தால், அதனைக் கண்டுகொள்ள நூற்றுக்கு எண்பது வாய்ப்பு வேண்டுமாயின் ஏறக்குறைய 85 பேர் தேவை என்பது புள்ளியியற் கணக்கு. இருபது பேரோடு நின்றால் அவ்வாய்ப்பு நாலில் ஒரு பங்குதான். நாளொன்றுக்கு இருவராயினும் ஒன்றரை மாதம் வேண்டும். மழைநாளும் திருவிழாவும் போக இரண்டு மாதம்.

இரண்டு மாதம் நீள்வது கண்டு அத்தையும் சித்தப்பாவும் உதவிக்கு வருவார்கள். ஒரே மாலையில் அறுபது தாள்கள், ஒரே பேனாவின் மையில், நிரம்பி வந்துவிடும்! அன்பினால் செய்வதுதான், அத்துடன் ஆய்வு செத்தது. அத்தகைய தாள்களில் விடைகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும். பழகிய பேராசிரியர் கண்டுகொள்வார். கண்டுகொள்ளாவிடினும் மாணவிக்குத் தெரியும்.

கணக்கிட்டுப் பார்த்தபின் தொடர்பு ஒன்றும் இல்லை என்று வந்தால்? மாணவியர் கலங்குவது இங்கேதான். ஓராண்டு வீணாயிற்று என்று பெற்றோரும் கலங்குகிறார்கள். 2015-ஆம் ஆண்டு வெளியான ஒரு பெருமுயற்சியை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பல நாட்டு உளவியலாளர்கள் கூடி, புகழ்பெற்ற இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தார்கள். முதல் ஆய்வுகளில் நூற்றுக்கு 97 வெற்றியான முடிவைக் காட்டியிருந்தன; மறுமுறை செய்தபொழுது அவ்வாறு காட்டியவை 36 விழுக்காடே. முடிவு கிடைத்தவற்றை மட்டும் அச்சேற்றி, கிடைக்காதவற்றைப் பெட்டியில் பூட்டும் வழக்கம் இந்நிலைக்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. கருதுகோளை முன்னரே எழுதி வைத்து, முறையாக அளந்து, தொடர்பு காணப்படவில்லை என்று எழுதிய ஆய்வேடு முழுமையான ஆய்வேடே. அடிக்கடி தொலைபேசியில் பேசியும் தனிமை குறையவில்லை என்றால் அதுவும் ஸ்ரீவராகத்துக்குத் தெரிய வேண்டிய செய்திதானே.

எழுதும் வகையைப் பற்றி ஒரு சொல். முன்னுரையிலிருந்து தொடங்குபவர்கள் முன்னுரையிலேயே நின்றுவிடுகிறார்கள். செய்முறைப் பகுதியை ஆய்வு நடக்கும்பொழுதே எழுதிவிடலாம்; எத்தனை பேர் மறுத்தார்கள், எந்தச் சொல்லை ஏன் மாற்றினோம் என்பன அப்பொழுதுதான் நினைவில் இருக்கும். அடுத்து முடிவுகள், பின்னர் விவாதம், இறுதியாக முன்னுரை. வரம்புகளைக் கூறும் பகுதியில், இம்முடிவு ஸ்ரீவராகத்தில் வீடு தேடிச் சென்று கண்ட 85 பேரைப் பற்றியது, மும்பை மாடுங்காவில் வாழும் தமிழ் முதியவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இடமில்லை என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அங்குள்ள மாணவர் எவரேனும் அதே தமிழ் அளவுகோலை எடுத்துக்கொண்டு அவ்வினாவைக் கேட்கக்கூடும். அதற்காகவே திருத்திய கூற்றுகள் இருபதையும் பின்னிணைப்பில் முழுமையாகச் சேர்க்கச் சொல்கிறோம்.

வாய்மொழித் தேர்வு முடிந்து ஏடு நூலகத்துக்குச் சென்றபின், தமிழில் ஒரு பக்கம் எழுதி, விடையளித்த பெரியவர்களிடம் எடுத்துச் சென்று வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும், “மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்களா?” என்பதாகவே இருக்கும்.