பேரேடு ஒன்றே இருக்கட்டும்!



கடை இராஜபாளையத்தில், கிட்டங்கி வன்னியம்பட்டியில், வசூலுக்குப் போகும் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆடிட்டர் விருதுநகரில். நம்மில் பலருக்குத் தொழில் இப்படித்தான் நடக்கிறது. முன்பு பேரேடு கல்லாப்பெட்டியருகே ஒன்றுதான் இருந்தது. இன்று அதே பேரேட்டை நாலு இடத்திலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதை எங்கே வைப்பது என்பதே கேள்வி.

சிலர் கணக்கைப் பென் டிரைவில் படியெடுத்துக் கிட்டங்கிக்கு அனுப்புகிறார்கள். அன்று மாலையே பேரேடு இரண்டாகிவிடும். கடையில் விற்ற 40 மூடை துவரம் பருப்பு கிட்டங்கிக் கணக்கில் இன்னும் இருப்பாகவே நிற்கும். அதையே அங்கே வேறொருவருக்கு விலை பேசிவிட்டால், சரக்குக் கொடுக்க முடியாமல் நம் நாணயம் கெடும். வேறு சிலர் கூகுள் டிரைவில் கணக்கை வைத்து ஆளுக்கொரு பக்கம் திறக்கிறார்கள். இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் எழுதியது மறையலாம், கணக்கே பழுதாகலாம்.

சரியான வழிகள் இரண்டு உண்டு.

முதல் வழி, பேரேடு கடைக் கம்ப்யூட்டரிலேயே இருப்பது. நம் கடைகள் பலவற்றில் உள்ள டேலியில் சில்வர் உரிமம் ஒருவருக்கு. கோல்டு உரிமம் ஒரே கடையின் இணைப்பில் உள்ள பலருக்கு. வெளியூரில் இருப்பவர் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் கடைக் கம்ப்யூட்டரின் திரையை அங்கிருந்தே பார்த்து வேலை செய்யலாம். கணக்கு இடம் மாறாது. விண்டோஸ் 11 புரோவில் இப்படி ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். பலர் வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் தனி உரிமங்களும் வாங்க வேண்டும்.

இரண்டாவது, இன்டர்நெட்டில் வாடகைக்குக் கணக்கு வைப்பது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் ஸோஹோ புக்ஸ் இவ்வகை. செல்போனிலும் பார்க்கலாம். ஆனால் இணைப்பு அறுந்தால் பில் நிற்கும், வாடகையும் தொடரும். நாளை விலகினால் நம் கணக்கு முழுவதையும் எக்ஸெல்லில் எடுத்துக்கொள்ளலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பில் போடுவது ஓரிடம், வெளியிலிருந்து பார்ப்பவர் ஒருவர் என்றால் முதல் வழி போதும். இரண்டு மூன்று இடங்களில் பில் போடுவோருக்கு இரண்டாவதே நல்லது என்பது நம் கருத்து.

முதல் வழிக்குக் காவல் தேவை. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் விண்டோஸ் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே திருத்தங்களை அவ்வப்போது போடுங்கள். வெளியூர் இணைப்பை வி.பி.என். என்னும் காப்பு வழியாக மட்டும் கொடுங்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு இருக்கட்டும்.

எவ்வழியானாலும் தினமும் ஒரு நகல் எடுங்கள். நகல் எடுத்த டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, நிலுவைத் தொகை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். திறக்காத நகல் நகலல்ல. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும்.

பார்ப்பவர் பலர் இருக்கலாம். பேரேடு ஒன்றாகவே இருக்கட்டும்.