திருமணியில் ஒரு கைப்பிடி

செங்கல்பட்டை ஒட்டியது திருமணி. 2019 வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் 1930-களின் நடுவிலிருந்து பணியாற்றியவர் ராபர்ட் காக்ரேன். சீனாவில் பிறந்த பிரிட்டிஷ் மருத்துவர். சல்ஃபோன் வகை மருந்துகளை இந்தியாவில் முதலில் கொடுத்துப் பார்த்தவர்களில் ஒருவர்.

வேலூர் சி.எம்.சி.யின் அறுவை மருத்துவர் பால் பிராண்டை 1947-இல் காக்ரேன் திருமணிக்கு வரவழைத்தார். (பிராண்ட் பிறந்தது கொல்லிமலையில். அயல்நாட்டார் என்று சொல்ல நமக்கு வாய் வராது.) விரல்கள் மடங்கி முடங்கிய ஒரு நோயாளியிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பிடித்த பிடியில் வலி தாங்கவில்லை! உள்ளங்கையின் சிறுதசைகள்தாம் செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகள் வலுவாகவே இருந்தன. அங்கிருந்து ஒரு தசைநாணை எடுத்து விரலில் இணைத்தால் விரல் மறுபடி நிமிரும். அறுந்த பாவிழையை வேறு இழைகொண்டு பிணைக்கும் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலூரில் அந்த அறுவை சிகிச்சை தொடங்கியது. பிறகு பல நாடுகளுக்கும் போனது.

திருமணி இல்லம் 1955-இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமானது.