பேராதனையிலிருந்து எழுதப்பட்ட போர்

போர்முனைச் செய்தியாளர்கள் – 9

1944 ஜூன் 22ஆம் திகதி, கோஹிமாவிலிருந்து தெற்கே வந்த பிரித்தானிய இந்தியப் படையும் இம்பாலிலிருந்து வடக்கே வந்த படையும் சாலையின் 109ஆவது மைல்கல் அருகே சந்தித்தன. இம்பால் முற்றுகை உடைந்தது. ஏறத்தாழ 85,000 பேருடன் இந்தியாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படை, அதில் பாதிக்கும் மேல் இழந்து மழைக்காட்டு வழியே பின்வாங்கத் தொடங்கியது. அதுவரை தரைப்போரில் ஜப்பான் கண்ட மிகப் பெரிய தோல்விகளில் ஒன்று அது. ஆனால் நோர்மண்டிக் கரையில் நேசப்படைகள் இறங்கி அப்போது பதினாறு நாட்களே ஆகியிருந்தன. லண்டன் பத்திரிகைகளின் முதல் பக்கங்களை ஐரோப்பா பிடித்துக்கொண்டது. பர்மாப் போர்முனையில் நின்ற பிரித்தானியப் பதினான்காம் படைக்கு ‘மறக்கப்பட்ட படை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் போரை வழிநடத்திய தென்கிழக்காசியக் கூட்டுத் தலைமையகம் அப்போது இருந்தது பேராதனைத் தாவரவியல் பூங்காவில். 1944 ஏப்ரலில் அதன் உச்சத் தளபதி மவுண்ட்பேட்டன் அதை டில்லியிலிருந்து இங்கே கொண்டுவந்தார். பூங்காவின் மரங்களுக்கிடையே அலுவலகக் கொட்டகைகள் எழுந்தன. அவர் கண்டி ஆளுநர் மாளிகையில் தங்கினார். வாவிக்கரையின் ஹோட்டல் சுவிஸ் போன்ற இடங்களும் இராணுவத்தின் கைக்குப் போயின. ஆயிரக்கணக்கான அதிகாரிகளும் எழுத்தர்களும் வந்து நிறைந்தார்கள். சென்ற வாரம் பார்த்த செய்தியாளர் வில்லியம் ரசல், கிரிமியப் போரில் காயம்பட்டவர்களின் பக்கத்தில் நின்று எழுதியவர். பேராதனையிலிருந்து இம்பாலோ ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவு. இங்கே எழுதப்பட்ட போர் தந்திகளிலும் வரைபடங்களிலும் வந்து சேர்ந்த போர்.

மவுண்ட்பேட்டனுக்குச் செய்தியின் பலம் நன்றாகவே தெரியும். போர்க்களத்தில் இருப்பவன் தன்னை உலகம் மறந்துவிட்டதென்று நம்பினால் சண்டையில் அவன் மனம் நிற்காது என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். அதனால் செய்தித் துறைக்கென்றே ஏர் மார்ஷல் பிலிப் ஜூபேர் என்ற மூத்த விமானப்படை அதிகாரியைப் பொறுப்பில் வைத்தார். சிப்பாய்களுக்கென ‘சியாக்’ என்றொரு நாளிதழ் 1944 ஜனவரியில் தொடங்கியது. அதன் ஆசிரியர் பிராங்க் ஓவன். லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ ஆசிரியராக இருந்தவர். ஹிட்லருக்கு வளைந்துகொடுத்த பிரித்தானியத் தலைவர்களைச் சாடி 1940இல் வந்த ‘கில்ட்டி மென்’ நூலைப் புனைபெயரில் எழுதிய மூவரில் ஒருவர். அரசை அப்படித் தாக்கியவரிடம் இராணுவப் பத்திரிகையை ஒப்படைப்பதற்கு லண்டனில் எதிர்ப்புக் கிளம்பியது. மவுண்ட்பேட்டன் விடவில்லை. பத்திரிகை கல்கத்தாவில் ‘ஸ்டேட்ஸ்மன்’ அச்சகத்தில் அச்சாகி, விமானத்திலிருந்து காட்டுக்குள் போடப்பட்டது. தன் வீட்டுச் செய்தியும் உலகச் செய்தியும் பதுங்குகுழிக்குள் வந்து சேர்வது ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! இராணுவப் பத்திரிகைகளில் இதை நான் உயர்ந்த இடத்தில் வைப்பேன். ஆனால் அது ஆங்கிலப் பத்திரிகை; பதினான்காம் படையிலோ பெரும்பான்மையினர் இந்தியர்கள். அவர்களில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் சிறுபான்மையே.

கண்டியில் இருந்துகொண்டே அறிக்கைகளை வைத்து எழுதுவது ஒரு வழி. காட்டுக்குள் போவது இன்னொரு வழி. ‘நியூஸ் கிரோனிக்கிள்’ செய்தியாளர் ஸ்டூவர்ட் எமெனியும் ‘டெய்லி ஹெரால்ட்’ செய்தியாளர் ஸ்டான்லி வில்ஸும் போனார்கள். 1944 மார்ச் 24ஆம் திகதி பர்மாக் காட்டுப் போரின் தளபதிகளில் ஒருவரான ஜெனரல் விங்கேட் பயணம் செய்த விமானம் மணிப்பூர் மலையில் விழுந்தது. அதில் இருந்த யாரும் தப்பவில்லை. அந்த விமானத்தில் அவ்விருவரும் இருந்தார்கள். விங்கேட்டின் பெயர் வரலாற்றில் தங்கியது. கூடவே இறந்த இரு செய்தியாளர்களையும் சேர்த்துச் சொல்பவர்கள் அரிது.

களத்துக்குப் போனவர்களாலும் எல்லாவற்றையும் எழுத முடியவில்லை. இம்பாலில் பிரித்தானிய இந்தியப் படைக்கு எதிரே ஜப்பானியர்களோடு சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவமும் நின்றது. அந்த இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம், தமிழர்களும் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையினர் பாதை வெட்டியும் பாலம் கட்டியும் படையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரே மொழி பேசியவர்கள் ஒரே போரின் இரு புறங்களிலும் இருந்தார்கள். ஒரு செய்தியாளருக்கு இதைவிடக் கனமான செய்தி கிடைக்குமா? தணிக்கை அதற்கு வழிவிடவில்லை. போஸின் படையைப் பற்றிப் போர்க்காலம் நெடுகிலும் இந்தியப் பத்திரிகைகளால் பேச முடியவில்லை. 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் அந்தப் படையினர் மீதான விசாரணை தொடங்கியபோதுதான் பெரும்பாலான மக்களுக்கு முழு விபரமும் தெரியவந்தது. ஒரு மக்கள் கூட்டத்திடமிருந்து அவர்களுடைய பிள்ளைகளின் கதையையே மறைத்துவைத்தது இந்தத் தணிக்கை. போர்க்காலத்தில் இரகசியம் தேவை என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் படை நகர்வை மறைப்பது வேறு, இது வேறு.

இந்த இடத்தில் இரு தமிழர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரை எழுத நினைத்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

முதலாமவர் ‘தி இந்து’வின் டி. ஜி. நாராயணன். 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தார்கள். அந்த ஓகஸ்ட்டில் ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் கல்கத்தா வீதிகளில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டு அரசின் மௌனத்தை உடைத்தார். நாராயணன் வங்கத்துக்கே போய்ப் பார்த்து, ‘வங்காளத்தின் மேல் பஞ்சம்’ என்று பொருள்படும் தலைப்பில் 1944இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். பர்மாப் போரையும் எழுதியவர் அவர்தான். பர்மா அரிசி நின்றுபோனதும், படகுகளைப் பறித்த இராணுவக் கொள்கையும் பஞ்சத்துக்குக் காரணங்களில் சேர்ந்தவை. ஆகவே பஞ்சத்தையும் போர்முனையையும் ஒரே மனிதர் நேரில் பார்த்தது முக்கியமானது. பின்னாளில் அவர் இந்தோனேசியாவுக்கான ஐ.நா. குழுவின் செயலகத்தில் பணியாற்றினார்.

இரண்டாமவர் கப்டன் பி. ஆர். எஸ். மணி. அகில இந்திய வானொலியில் இருந்து இராணுவச் செய்திப் பிரிவுக்கு வந்தவர். சீருடை அணிந்த செய்தியாளர். சம்பளம் தருவதும் இராணுவம், எழுதியதைத் திருத்துவதும் இராணுவம். இந்தியச் சிப்பாய்களைப் பற்றி எழுதுவது அவர் வேலை. போர் முடிந்ததும் ஜாவாவின் சுராபாயா நகரத்துக்கு அனுப்பப்பட்டார். 1945 செப்டம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் ஜப்பானின் சரணடைவை ஏற்ற மவுண்ட்பேட்டனின் பொறுப்பில் அப்போது ஜாவாவும் இருந்தது. சிறைப்பட்டவர்களை மீட்கவும் ஜப்பானியரின் ஆயுதங்களைக் களையவும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். இந்தோனேசியர்களோ ஓகஸ்ட் 17இலேயே விடுதலையை அறிவித்திருந்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சியைத் திரும்பக் கொண்டுவர வந்த படையாகவே அவர்கள் இதைப் பார்த்தார்கள்.

ஒக்டோபர் 25இல் 49ஆவது இந்தியப் பிரிகேட் சுராபாயாவில் இறங்கியது. 30ஆம் திகதி அதன் தளபதி மல்லபி கொல்லப்பட்டார். நவம்பர் 10இல் பிரித்தானியக் கப்பல்களும் விமானங்களும் நகரத்தைத் தாக்கின. தன் நாட்டின் விடுதலைக்காகக் காத்திருந்த இந்தியச் சிப்பாய், இன்னொரு நாட்டின் விடுதலையைச் சுட வைக்கப்பட்டான். சில நூறு பேர் படையைவிட்டு இந்தோனேசியர் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். இந்தோனேசியாவில் நவம்பர் 10 இன்றும் மாவீரர் நாள். பேராதனையில் திட்டமிடப் பழகிய தலைமையகத்தின் கடைசிப் பெரும் பொறுப்புகளில் ஒன்று இப்படித்தான் போனது. அந்தத் தலைமையகமும் அவ்வாண்டின் இறுதியில் கண்டியைவிட்டுச் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது.

 

சுராபாயாவுக்குப் பின் மணி இராணுவத்தை விட்டார். சதானந்த் நடத்திய பம்பாய் ‘பிரீ பிரஸ் ஜர்னல்’ செய்தியாளராக மறுபடியும் ஜாவாவுக்குப் போனார். இம்முறை இந்தோனேசியக் குடியரசின் தரப்பை இந்திய வாசகனுக்கு வெளிப்படையாகச் சொன்னார். பின்னர் இந்திய வெளியுறவுச் சேவையில் சேர்ந்தார். இந்தோனேசியப் புரட்சியைப் பற்றிய அவருடைய நூலை 1986இல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவருடைய தாள்கள் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இராணுவத்துக்காக அவர் எழுதிய செய்திகளும் சுராபாயாவில் தனக்காக எழுதிவைத்த நாட்குறிப்பும் அங்கே உண்டு. நம் பல்கலைக்கழகங்களில் இதழியல் படிக்கும் பிள்ளைகள் அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்க வேண்டும்: ஒரே நகரம், அதே நாட்கள், அதே கை எழுதியவை.

(தொடரும்)