பழைய மோட்டார் சைக்கிளைச் சீர்ப்படுத்தல்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் பெருஞ்சாலையில், மேற்கே குருடிமலை தோன்ற அமைந்துள்ளது பெரியநாயக்கன்பாளையம். இவ்வூரார்க்கு இரும்பின் ஓசை புதியதன்று. 1962-இல் நிறுவப்பெற்ற லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் இங்கே நூற்பு யந்திரங்களைச் செய்து வருதலும், லேத்துப் பட்டறைகளும் வார்ப்படப் பட்டறைகளும் இப்பக்கத்தில் மலிந்திருத்தலும் யாவரும் அறிந்தன. கலங்கல் கிராமத்திற் பிறந்த ஜி. டி. நாயுடு (1893–1974), வாலிபப் பருவத்தில் துரை ஒருவரது ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, ஹோட்டலில் வேலை செய்து பொருள் சேர்த்து அதனை வாங்கி, பிரித்துப் பூட்டிப் பயின்ற வரலாற்றையும் கோவை நாட்டார் மறந்திலர். இத்தகைய சூழலில் பழைய வண்டியொன்று எம் கண்ணிற் பட்டதும் அதன்மேல் ஆசை பிறந்தது வியப்பன்று. அவ்வாசையால் யாம் கற்றதையும், கற்கத் தவறியதால் பட்டதையும் ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

யாம் மூவர் சேர்ந்து வாங்கியது 250 சி.சி. ஜாவா வண்டி. செக் நாட்டில் யானெச்செக் என்பார் 1929-இல் தொடங்கிய தொழில் அது. அவர் பெயரின் முதலெழுத்துக்களும் வாண்டரர் என்னும் ஜெர்மானியக் கம்பெனியின் முதலெழுத்துக்களும் கூடியே ஜாவா என்றாயிற்று. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனியார் 1961 முதல் இவ்வண்டிகளை உற்பத்தி செய்தனர். பின்னர் எஸ்டி என்னும் பெயரால் வெளியிட்டு, 1996-இல் தொழிலை மூடினர். செக் நாட்டு வண்டிகள் மண்தரைப் பந்தயத்திற் பெயர் பெற்றவை. ஜாவாவுக்கு உடன்பிறப்பு எனத்தக்க சி.இஸட். வண்டியின் மீது ஏறியே பெல்ஜிய வீரர் ஜோயல் ரொபேர் 1964-இல் 250 சி.சி. பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார்.

எம் வண்டியையும் முன்னைய உடையவர் எவரோ மண்பாதைக்கென மாற்றியிருந்தார். முகவிளக்கு இல்லை, மட்கார்டுகள் இல்லை, சங்கிலியை மூடும் தகட்டுக்கூடு இல்லை, இரு சைலன்ஸர்களுக்குப் பதிலாக இரு குட்டைக் குழாய்கள். டயர்களோ கட்டை கட்டையாய்ப் பல் நீட்டி நின்றன. இதனை மீண்டும் சாலைக்கு உரியதாக்குவதே எம் நோக்கம்.

மண்ணுக்கு வேண்டுவதும் தாருக்கு வேண்டுவதும் வேறு வேறாம். பல் நீண்ட டயர் சேற்றைக் கவ்வும். தார்ச்சாலையிலோ அப்பற்களின் நுனிகள் மாத்திரமே தரையைத் தொடுதலின், வளைவிலும் மழையிலும் பிடிப்புக் குறையும். மண்பாதையில் மெல்லச் சென்றாலும் இழுப்புச் சக்தி மிகுதியாக வேண்டும். ஆதலின் பின் பற்சக்கரத்தைப் பெரிதாக்குவர். முன் பற்சக்கரத்தில் 15 பற்களும் பின்னதில் 60 பற்களும் இருப்பின், முன்னது நான்கு முறை சுழலப் பின் சக்கரம் ஒரு முறை சுழலும். பின்னதை 45 பற்களாக்கின் மூன்று முறையே போதும். எஞ்சின் அலறாமல் வண்டி விரையும். சங்கிலிக்கூடு பந்தயக்காரர்க்குச் சுமை. அன்றாடம் புழுதியிற் செல்வோர்க்கு அதுவே சங்கிலியின் ஆயுள்.

சைலன்ஸரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓசையை அடக்குவது ஒன்றே அதன் தொழில் என்று பலர் எண்ணுவர். இரண்டு வீச்சு எஞ்சினில், புகையோடு தப்பியோட முயலும் புதிய கலவையைத் திரும்பும் அழுத்த அலையால் தடுத்து உள்ளே தள்ளுவதும் அக்குழாயின் வேலையே. நீளத்தையும் வடிவத்தையும் மனம்போனபடி மாற்றினால், ஓசை பெருகும். சக்தி பெருகும் என்பது உறுதியன்று.

நிற்க. எஞ்சினைப் பிரித்தோம். சிலிண்டர் தேய்ந்து வட்டம் கெட்டிருந்தது. பட்டறையில் அதனைக் கடைந்து, அளவு மிகுந்த பிஸ்டனைப் பொருத்தினோம். இவ்வகைப் பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் எனப் படிப்படியாய்க் கூடிய அளவுகளிற் கிடைக்கும். கிராங்கின் இருபுறத்து எண்ணெய்ச் சீல்களையும் மாற்றினோம். இவை காய்ந்து வெடித்திருப்பின் வெளிக்காற்று உட்புகும். கலவையிற் பெட்ரோலின் பங்கு குறையும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். டாங்கின் துருவை நீக்கிக் கார்பரேட்டரின் நுண்துளைகளைக் கழுவினோம். கியர் மாற்றும் நெம்புகோலையே உட்புறம் அழுத்தி மேலே திருப்பி உதைத்தால் வண்டி புறப்படுவது ஜாவாவின் தனி இயல்பு. அவ்வாறு உதைத்த அன்று, வண்டி நீலப்புகை கக்கி முழங்கியது. எம் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஆனால் அம்மகிழ்ச்சியில் ஒரு பெரும் பிழை ஒளிந்திருந்தது. கையிலிருந்த பணத்தைப் பெயிண்டுக்கும் மெருகுக்கும் செலவிட்டுவிட்டுப் பிரேக்கைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைத்தோம். பழைய பிரேக் கட்டைகளோடே குன்னூருக்கு ஏறினோம். இறங்கும்போது பிரேக் பிடிக்காமை கண்டு, கியரில் வைத்துத் திராட்டிலை மூடி, எஞ்சினின் தடையால் வேகத்தை அடக்க முயன்றோம். பர்லியாற்றைக் கடந்து சிறிது தூரம் வந்ததும் பிஸ்டன் இறுகிப் பின் சக்கரம் நின்றுவிட்டது. வண்டி வழுக்கிப் பள்ளத்தின் ஓரம் நோக்கிச் சென்றது. ஓட்டிய நண்பர் அக்கணமே கிளட்சை அழுத்தியதால் சக்கரம் விடுபட்டது, உயிரும் தப்பியது.

காரணம் யாது? நான்கு வீச்சு எஞ்சினில் எண்ணெய் தனியே தங்கிச் சுற்றி வரும். ஜாவாவிலோ எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வரும். இறக்கத்தில் திராட்டிலை மூடினால் பெட்ரோல் குறையும். உடன் எண்ணெயும் குறையும். ஆனால் சக்கரம் எஞ்சினை வேகமாய்ச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். எண்ணெயில்லாத பிஸ்டன் இறுகாமல் என் செய்யும்? இடையிடையே திராட்டிலைச் சிறிது திறந்து எண்ணெய் ஊட்டுதலும், வேகத்தைப் பிரேக்கால் அடக்குதலுமே முறை. அதற்குப் பிரேக் நன்றாயிருத்தல் வேண்டுமன்றோ?

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தபோது, முதிய மெக்கானிக் எம்மை நோக்கி, “தம்பிகளா, வண்டிக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தீர்கள், நிற்கச் சொல்லிக் கொடுத்தீர்களா?” என்றார். யாம் தலைகுனிந்தோம். அன்று முதல் எம் வரிசை மாறிற்று: முதலில் பிரேக், அடுத்துச் சாலை டயர், அதன்பின் விளக்கும் ஹாரனும், பின்னரே எஞ்சின், மெருகு கடைசியில்.

இனிச் சட்டத்தையும் நோக்குவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவில்லா வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டலாகாது. பந்தயத்துக்கென்றே செய்த வண்டிக்கும் இதில் விலக்கில்லை. அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுதலைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. 2021-இல் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகள் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துக்கள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். ஆனால் சட்டகமும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாதிருத்தல் வேண்டும். அப்பதிவு பெற்றபின் கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம் போன்றவற்றுக்கன்றி அன்றாடப் போக்குவரவுக்கு வண்டியை எடுக்கலாகாது.

எனவே பழைய வண்டியை உடையவன் முன் இரு வழிகள் உள. காட்சிப் பொருளாய்ப் போற்றுவது ஒன்று. சாலையில் ஓட்டுவது மற்றொன்று. யாம் இரண்டாவதைத் தேர்ந்தோம். எனினும் முதல் வழியை அடைத்துவிடவில்லை. சட்டகத்தை அறுக்கவில்லை, அதில் பொறித்த எண்ணின்மேல் அரமும் படவில்லை, நிறமும் பதிவுப் புத்தகத்திற் கண்டதே. கைப்பிடியையும் இருக்கையையும் எம் வசதிக்கேற்ப மாற்றினோம். ஆனால் அவை போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகத்தக்கவை. கழற்றிய பொருள்களை எண்ணெய்த் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

மாணவ நண்பர்காள்! ஓர் உறுப்பு எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பதை அறியுமுன் அதனை நீக்காதீர். நீக்கினும் மீட்டும் வைக்கத்தக்கவாறு நீக்குவீர். இதனை எமக்குப் புத்தகம் கற்பிக்கவில்லை. பர்லியாற்றுச் சரிவே கற்பித்தது. நீவிர் அவ்வளவு விலை கொடாமலே அறிந்துகொள்ள வேண்டுமென்பதே எம் விருப்பம்.